சிமெண்ட் பூசிய பிறகும் சுவரில் உப்பு பூக்கிறது: பழைய வீடு, வழி சொல்லுங்கள்

ரேழிவீடு:
கும்பகோணம் பக்கம் ஒரு பழைய வீடு வாங்கியிருக்கிறோம். திண்ணை, ரேழி, முற்றம், கூடம், கொல்லை என்று நீளமாகப் போகும் வீடு. முன்பகுதி மெட்ராஸ் டெரஸ் (மரச் சட்டத்தின் மேல் செங்கல் அடுக்கிய தட்டை மாடி), பின்பகுதி நாட்டு ஓடு. மூலப்பத்திரம், வில்லங்கம், வாரிசுகள் கையெழுத்து எல்லாம் வக்கீல் பார்த்துவிட்டார். பிரச்சினை சுவரில்தான்.

கூடத்துச் சுவரில் தரையிலிருந்து மூன்றடி உயரம் வரை பெயிண்ட் பொரிந்து கொட்டுகிறது. தடவினால் கையில் வெள்ளைப் பொடி ஒட்டுகிறது. முன்பு இருந்தவர்கள் பழைய சுண்ணாம்புக் காரையைக் கொத்தி எடுத்துவிட்டு சிமெண்ட் பூசி, பட்டி பார்த்து எமல்ஷன் அடித்திருக்கிறார்கள். தரையிலும் பழைய தளத்தின் மேலேயே விட்ரிஃபைடு டைல்ஸ். இது போதாதென்று முன்னறை மாடி ஒரு மூலையில் ஒழுகுகிறது.

பார்க்க வந்த இன்ஜினியர், மூன்றடிக்குக் கொத்திவிட்டு வாட்டர்ப்ரூஃப் கெமிக்கல் கலந்து மறுபடி சிமெண்ட் பூசலாம், மாடியில் இரண்டு அங்குலம் கான்கிரீட் போடலாம் என்கிறார். உள்ளூர்க் கொத்தனார் ஒருவர் "சிமெண்டே ஆகாது" என்கிறார். யார் பேச்சைக் கேட்பது?

காரைப்பூச்சு:
கொத்தனார் சொல்வதுதான் சரி, சுண்ணாம்புதான் பூச வேண்டும். ஆனால் பூச்சை மாற்றுவது கடைசி வேலை. தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்பதை முதலில் பாருங்கள்.

அந்தக் காலத்துச் சுவருக்கு அடியில் ஈரம் தடுக்கும் அடுக்கு எதுவும் கிடையாது. செங்கல்லும் சுண்ணாம்பும் மண்ணிலிருந்து ஈரத்தை உறிஞ்சும், காற்றில் விட்டுவிடும். வெளியே சிமெண்டும் எமல்ஷனும் பூசி மூடிவிட்டால் காய வழியில்லாமல் ஈரம் இன்னும் மேலே ஏறும். தரையிலும் டைல்ஸ் போட்டு அடைத்துவிட்டதால் தரைக்கடியில் இருக்கும் ஈரமும் சுவர் பக்கம்தான் ஒதுங்கும். ஈரம் எந்த இடத்தில் காய்கிறதோ அங்கே உப்பு படிகமாகிப் பூச்சை உள்ளிருந்து தள்ளும். கெமிக்கல் கலந்து மூன்றடிக்குப் பூசினால் அடுத்து நாலடியில் பூக்கும்.

மூன்று கேள்வி. தெரு மட்டம் உங்கள் தரையைவிட உயரமா? முற்றத்துத் தண்ணீர் எந்த வழியாக வெளியே போகிறது? கொல்லைப்பக்கம் சுவரை ஒட்டிக் குளியலறையோ தொட்டியோ இருக்கிறதா?

ரேழிவீடு:
சார், தெரு உயரம்தான். ரோடு மேல் ரோடாகப் போட்டு, திண்ணைக்கு ஏறியது போய் இப்போது இறங்கவேண்டியிருக்கிறது. முற்றத்துத் தண்ணீர் நடைபாதைக்கு அடியில் போகும் பழைய கல் தூம்பு வழியாகத் தெருவுக்குப் போகிறதாம். ஒரு வாளி ஊற்றிப் பார்த்தேன், தேங்கி நிற்கிறது.

காரைப்பூச்சு:
அப்படியென்றால் பாதி விடை அங்கேயே இருக்கிறது. தெரு மேலே போனதும் தூம்பு வாட்டம் இழந்திருக்கும். முற்றத்தில் விழும் மழையெல்லாம் கூடத்துச் சுவரின் அடியில்தான் இறங்கும். பழைய தூம்பைத் தோண்டி எடுத்து வாட்டம் பார்த்து, கொல்லைப் பக்கம் பள்ளமாக இருந்தால் அந்தப் பக்கம் குழாய் திருப்புங்கள். தெருப்பக்கம் சுவரை ஒட்டி ஒரு வாய்க்கால் எடுத்து ஜல்லி நிரப்பினால் மழைத் தண்ணீர் சுவரில் மோதாது.

சுவரை ஒட்டிய வரிசையில் ஒரு டைல்ஸை மட்டும் எடுத்துப் பாருங்கள். அடியில் ஈரம் இருந்தால் அந்த வரிசை முழுவதையும் எடுத்துவிட்டுச் சும்மா விடுங்கள்.

செலவுக்கணக்கு:
குறுக்கே பேசுவதற்கு மன்னிக்கவும். எல்லோரும் சுண்ணாம்பு, அதில் கலக்கக் கடுக்காய், வெல்லம் என்று ஆரம்பித்துவிடுகிறீர்கள். வேலை தெரிந்த ஆள் எங்கே இருக்கிறார்? சுண்ணாம்பை நீற்ற வேண்டும், ஊறவைக்க வேண்டும், அரைக்க வேண்டும். அதுவரை வீட்டுக்காரர் வேறிடத்தில் வாடகை கட்டிக்கொண்டு இருப்பாரா?

செட்டிநாட்டுத்தம்பி:
அண்ணே, நியாயமான கேள்விதான். வீடு முழுக்கச் சுண்ணாம்பு பூச வேண்டியதில்லை. ஈரம் ஏறும் அந்த மூன்று நாலடிக்கு மட்டும் போதும். காரைக்குடி பக்கம் இன்னும் வேலை தெரிந்த கொத்தனார்கள் இருக்கிறார்கள். பழைய வீடுகளைத் திருத்தி ஹோட்டலாக்குவதால் அவர்களுக்குத் தொடர்ந்து வேலை உண்டு.

பெயிண்ட் கடையில் வெள்ளையடிக்க விற்கும் பொடியை மட்டும் வாங்காதீர்கள். சூளையில் சுட்ட கட்டிச் சுண்ணாம்பாகக் கேளுங்கள். ஒரு கட்டியைத் தண்ணீரில் போட்டால் உஸ்ஸென்று கொதித்து, தானே வெடித்து மாவாக வேண்டும். பேசாமல் கிடந்தால் அது காற்றுப் பட்டுச் செத்த சுண்ணாம்பு, பூச்சு பிடிக்காது. கொதிக்கும்போது கிட்டே குனியாதீர்கள். கண்ணில் தெறித்தால் பார்வை போகும்.

ஒரு பங்கு சுண்ணாம்புக்கு மூன்று பங்கு சலித்த மணல். மெல்லிய பூச்சாக இரண்டு மூன்று தடவை. சுண்ணாம்பு காற்றிலிருக்கும் கரியமில வாயுவை இழுத்துத்தான் இறுகும், அவசரப்படுத்த முடியாது. ஈரச்சாக்கு தொங்கவிட்டு, வெயில் நேரே படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மேலே சுண்ணாம்பு அடியுங்கள், எமல்ஷன் வேண்டாம்.

இன்னொன்று. செங்கல்லுக்குள் ஏற்கெனவே ஊறிய உப்பு ஒரே நாளில் போகாது. முதல் பூச்சிலும் கொஞ்சம் பூக்கும். அது கெட்டுப்போனதாக நினைத்து மறுபடி சிமெண்டுக்குப் போய்விடாதீர்கள். காய்ந்த பிரஷ்ஷால் தட்டி எடுங்கள், தண்ணீர் விட்டுக் கழுவினால் உப்பு திரும்ப உள்ளேதான் போகும்.

ரேழிவீடு:
ஒரு டைல்ஸ் எடுத்துப் பார்த்தேன். அடியில் மணல் கையில் உருண்டை பிடிக்கும் அளவுக்கு ஈரம். தூம்பு வேலையை முதலில் ஆரம்பிக்கிறேன். மாடிக்கு என்ன செய்வது? கான்கிரீட் போடலாமா?

காரைப்பூச்சு:
போடவே போடாதீர்கள். இரண்டு அங்குலக் கான்கிரீட் நூறு சதுர அடிக்கு ஒரு டன்னுக்கு மேல் எடை வரும். அதைத் தாங்கப்போவது சுவருக்குள் சொருகிய பழைய மரச் சட்டங்கள். மெட்ராஸ் டெரஸில் சட்டத்தின் மேல் சின்னச் செங்கல்லைக் குத்தாக வைத்து, மேலே சுண்ணாம்பும் செங்கல் ஜல்லியும் போட்டு அடித்து, கடைசியாகத் தட்டையான ஓடு (தட்டோடு) பதித்திருப்பார்கள். பெரும்பாலும் ஒழுகுவது தட்டோட்டுச் சந்திலும் கைப்பிடிச் சுவர் சேரும் மூலையிலும்தான். அங்கே அரசங்கன்று முளைத்திருக்கிறதா பாருங்கள். இழுத்துப் பிடுங்கினால் செங்கல்லோடு வரும். வெட்டிவிட்டு, வேரைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தோண்டி எடுத்து, சந்தைச் சுண்ணாம்பில் அடையுங்கள்.

அதற்கு முன், ஒழுகும் மூலையில் சட்டம் சுவருக்குள் நுழையும் இடத்தை ஒரு ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பாருங்கள். நல்ல தேக்கில் நுனிகூட இறங்காது. சதக்கென்று இறங்கினால் அந்த முனை உளுத்துவிட்டது என்று அர்த்தம். அதை மாற்றத் தச்சர் வேண்டும், கொத்தனார் அல்ல.

ரேழிவீடு:
இரண்டு சட்டத்தில் இறங்குகிறது சார். பயமாக இருக்கிறது. இப்போது ஆவணி, மழை வரப்போகிறது.

செட்டிநாட்டுத்தம்பி:
சுண்ணாம்பு வேலையைத் தை பிறந்து வைத்துக்கொள்ளுங்கள், ஐப்பசி கார்த்திகையில் பூச்சு காயாது. இப்போதைக்கு அந்த அறையில் யாரையும் படுக்க வைக்காதீர்கள். மாடித் தண்ணீர்க் குழாயில் சருகு அடைத்திருந்தால் எடுத்துவிட்டு, ஒழுகும் மூலைக்குத் தார்ப்பாய் போடுங்கள். அந்த இரண்டு சட்டத்துக்கும் சுவரை ஒட்டி ஒரு குறுக்குக் கட்டை கொடுத்து, அடியில் முட்டு நிறுத்த ஆள் கூப்பிடுங்கள். முட்டுக் கட்டையை டைல்ஸ் மேல் நேராக வைக்க விடாதீர்கள், வழுக்கும். கீழே தடித்த பலகை போட்டு ஆப்பு அடிக்கச் சொல்லுங்கள்.