இதயப் பரிசோதனைக்கு இன்சூரன்ஸ் கிடைக்குமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

வணக்கம். தம்பிக்கு 38 வயது. அப்பாவுக்கு 46 வயதிலேயே மாரடைப்பு வந்ததால், அவனை ட்ரெட்மில் டெஸ்ட்டும் சிடி கால்சியம் ஸ்கோரும் (இதய ரத்தக்குழாய்களில் படிந்த கால்சியத்தைக் காட்டும் ஸ்கேன்) எடுக்கச் சொல்லியிருக்கிறார் டாக்டர். பாலிசியில் 'எக்ஸ்க்ளூஷன் 04' என்று ஒரு பத்தி: பரிசோதனைக்காக மட்டும் அட்மிட் ஆனால் கிளெய்ம் கிடையாதாம். அட்டாக் வந்தபின் லட்சக்கணக்கில் தருபவர்கள், முன்கூட்டியே கண்டுபிடிக்கத் தரமாட்டார்கள் என்றால் என்ன நியாயம்? வருமான வரியில் செக்கப்புக்கு ரூ.5,000 வரை கழிக்கலாம், அதுவும் பழைய வரி முறையில்தான்.

ஓபிடி கவரிலோ (அட்மிட் ஆகாமல் பார்க்கும் செலவுக்கான கவர்) வருடாந்திர செக்கப் சலுகையிலோ கால்சியம் ஸ்கோர் எடுத்தவர்கள் இருக்கிறீர்களா? முன் அனுமதி வாங்கணுமா? ரிப்போர்ட்டில் ஏதாவது தெரிந்தால், பிறகு பாலிசியை வேறு கம்பெனிக்கு மாற்றும்போது (போர்ட்) சிக்கல் வருமா? செலவைப் பார்த்து அவன் தள்ளிப்போட்டுக்கொண்டே இருக்கிறான். எனக்குப் பயமாக இருக்கிறது.