பெண் குழந்தைக்கு இருபாலருக்கும் பொதுவான பெயர் வைக்கலாமா?

கேட்பவர்: தலவாக்கலைத் தாய்

அண்மையில் எங்களுக்குப் பெண் குழந்தை பிறந்திருக்கிறது. பிறப்பைப் பதிவதற்குரிய 42 நாட்களில் மீதம் இருப்பவை கொஞ்சமே. வீட்டில் இன்னும் பெயர் முடிவாகவில்லை. கட்டாரில் ஹோட்டல் ஒன்றில் வேலை செய்யும் என் கணவர், டெய்லர், ஹார்ப்பர், பார்க்கர் என்ற வகையில், கேட்பதற்குக் குடும்பப் பெயர் போலவும் ஆண், பெண் இருவருக்கும் பொருந்துவதாகவும் உள்ள பெயர் ஒன்றை விரும்புகிறார். பிள்ளை நாளைக்கு எந்த நாட்டுக்குப் போனாலும் அவள் பெயரைச் சொல்ல எவரும் திணறக் கூடாது என்பது அவருடைய எண்ணம். மாமியாருக்குத் தம் தாயாரின் நினைவாக முத்து என்று வைக்க ஆசை. எனக்கு எழில் என்ற பெயர் மிகவும் பிடித்திருக்கிறது. குழந்தையின் நட்சத்திரம் கார்த்திகை என்பதால் அ, இ, உ, எ ஆகிய எழுத்துகளில் தொடங்கும் பெயர் நல்லது என்று கோயில் ஐயாவும் சொன்னார். ஆணா பெண்ணா என்று தெரியாத பெயரால் பிள்ளைக்குப் பள்ளிக்கூடத்திலோ அலுவலகங்களிலோ சிரமம் வருமா? குடும்பப் பெயர் என்று தனியாக ஒன்று நமக்கு வேண்டுமா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

பதில்: பண்டாரவளை ஆசிரியை

தங்கச்சி, முதலில் வாழ்த்துகள். பல ஆண்டுகளாக முதலாம் தரத்துக்குப் பிள்ளைகளைச் சேர்த்து வருபவள் என்ற முறையில் சொல்கிறேன்: பொதுப் பெயரால் வரும் குழப்பம் பிள்ளை வகுப்புக்குள் நுழைந்த அன்றைக்கே தீர்ந்துவிடும். இடாப்பில் அருள் என்ற பெயரைப் பார்த்து ஆண் பிள்ளைகளின் வரிசையில் எழுதியிருப்போம், இரட்டைப் பின்னலோடு ஒரு சிறுமி எழுந்து நிற்பாள், திருத்திக்கொள்வோம். பின்னாளில் அடையாள அட்டை எடுக்கும்போதும் கவலை இல்லை. அதன் இலக்கத்தில் பிறந்த ஆண்டை அடுத்து வரும் மூன்று இலக்கங்கள், அந்த ஆண்டின் எத்தனையாவது நாளில் பிறந்தவர் என்பதைக் குறிக்கின்றன. பெண்களுக்கு அந்த எண்ணோடு 500 கூட்டப்படுகிறது. ஜனவரி முதலாம் திகதி பிறந்த ஆணுக்கு 001 என்றும் பெண்ணுக்கு 501 என்றும் வரும். ஆகவே பெயர் சொல்லாததை இலக்கம் சொல்லிவிடும்.

எங்களை உண்மையில் திணறடிப்பவை வேறு பெயர்கள். டிலக்ஷன், டிலுக்ஷன், திலக்ஷன், டிலக்ஷனா, டிலுக்ஷிகா என்று ஒரே வகுப்பில் ஒலியால் ஒட்டிப் பிறந்த பெயர்களாக இருக்கும்போது, ஒருவரின் புள்ளி மற்றவரின் அறிக்கையில் ஏறாமல் பார்த்துக்கொள்வதே ஒரு வேலை. அவை நாகரிகம் என்று தேடி வைத்த பெயர்கள்தாம். ஆனால் எல்லோரும் ஒரே இடத்தில் தேடியிருக்கிறார்கள். எழில் அந்தக் கூட்டத்தில் சேராது.

பதில்: ஹட்டன் வாசகர்

மகள், உங்கள் கணவரின் ஆசையை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் டெய்லர் என்ற பெயரை மலைநாட்டில் வைப்பதற்கு முன் சற்று யோசிக்க வேண்டும். 1867இல் ஹேவாஹெட்ட பக்கம் லூல்கந்துர தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்ட ஸ்கொட்லாந்துக்காரர் ஜேம்ஸ் டெய்லரின் பெயரை இங்கே அறியாதவர் குறைவு. அவரோடு காடு வெட்டிக் குழி தோண்டியவர்களின் பெயர்களோ நம்மில் எவருக்கும் தெரியாது. அப்படியிருக்க, மாமியார் சொல்லும் முத்து என்ற பெயரைப் பழையது என்று ஒதுக்கிவிடாதீர்கள். முத்து, தங்கம், செல்வம், ஜோதி என்று ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே பெயரை வைத்துக் கூப்பிட்டவர்கள்தாம் நம் லயங்களில் வாழ்ந்தவர்கள். உங்கள் கணவர் கட்டாரில் கேட்டு வியந்த வழக்கம் அவருடைய பாட்டியின் பெயரிலேயே இருக்கிறது. அன்பு, மதி, முகில், சுடர், மகிழ், கதிர் என்று இன்றைய காதுக்கு இனிமையான பொதுப் பெயர்களும் தமிழில் தாராளமாக உண்டு.

பதில்: நுவரெலியா மொழிபெயர்ப்பாளர்

சகோதரி, பிறப்புச் சான்றிதழ்களையும் கடவுச்சீட்டு விண்ணப்பங்களையும் அன்றாடம் கையாள்பவன் என்பதால், மேலே எவரும் தொடாத ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது. தந்தையின் பெயரை முன்னால் எழுதிப் பிள்ளையின் பெயரைப் பின்னால் எழுதுவது நம் வழக்கம். ஆங்கில வழக்கில் பிள்ளையின் பெயர் முன்னாலும் குடும்பப் பெயர் பின்னாலும் வரும். உங்கள் கணவரின் பெயர் முத்துசாமி என்று வைத்துக்கொள்வோம். பிள்ளைக்கு முத்துசாமி டெய்லர் என்று பதிந்தால், வெளிநாட்டில் அதைப் படிக்கும் எவரும் டெய்லர் குடும்பத்துப் பிள்ளை முத்துசாமி என்றுதான் எடுத்துக்கொள்வார். வைத்தியசாலையிலும் பல்கலைக்கழகத்திலும் அவளை முத்துசாமி என்றே அழைப்பார்கள். அந்த வகைப் பெயர்கள் பெரும்பாலும் தொழிலைக் கொண்டோ இடத்தைக் கொண்டோ எழுந்த குடும்பப் பெயர்கள் என்பதால் அந்த மயக்கம் வராமல் இருக்காது. பிள்ளை வெளிநாட்டில் சிரமப்படக் கூடாது என்பதற்காக உங்கள் கணவர் தேர்ந்தெடுக்கும் பெயரே அவளுக்கு அந்தச் சிரமத்தைக் கொடுக்கும். எழில் என்றால் இந்தக் குழப்பம் வெகுவாகக் குறையும். தனிக் குடும்பப் பெயர் ஒன்றை உருவாக்க வேண்டியதும் இல்லை. கடவுச்சீட்டில் அந்த இடத்துக்குத் தந்தையின் பெயர் போதும்.

அடுத்தது எழுத்து. நம் பிள்ளையின் பெயர் தமிழ், சிங்களம், ஆங்கிலம் ஆகிய மூன்று எழுத்துகளிலும் ஒன்றாக நிற்க வேண்டும். வாயால் சொன்ன பெயரைப் பதிபவர் தமக்குக் கேட்டபடி சிங்களத்தில் எழுதி, அதிலிருந்து ஆங்கிலத்துக்குப் போய், பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயரும் அடையாள அட்டையில் இன்னொரு பெயருமாக, ஊழியர் சேமலாப நிதியைப் பெற முடியாமல் ஓய்வுக்குப் பின்னும் அலைகின்ற தொழிலாளர்களின் கோப்புகள் என் மேசைக்கு ஓயாமல் வருகின்றன. அவர்கள் ஒருவரும் தம் பெயரைத் தவறாகச் சொன்னவர்கள் அல்லர். ஆகவே பதியப் போகும்போது மூன்று எழுத்துகளிலும் பெயரைத் தெளிவாக எழுதிய தாளைக் கொண்டு போங்கள். நுவரெலியா மாவட்டத்தில் தமிழிலேயே பதிந்து தரும்படி கேளுங்கள். அது உங்கள் உரிமை. எழுதி முடித்ததும் கையொப்பம் இடுவதற்கு முன் எழுத்தெழுத்தாக வாசித்துப் பாருங்கள்.

கேட்பவர்: தலவாக்கலைத் தாய்

அனைவருக்கும் மிக்க நன்றி. முத்துசாமி என்று பிள்ளையை அழைப்பார்கள் என்ற விளக்கத்தைக் கணவருக்கு வாசித்துக் காட்டினேன், எழிலுக்குச் சம்மதித்துவிட்டார். மாமியார் வீட்டில் முத்து என்றே கூப்பிடட்டும். இனி, ழகரத்தைச் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் எப்படி எழுதுவது?

பதில்: நுவரெலியா மொழிபெயர்ப்பாளர்

சிங்களத்தில் ழகரம் இல்லை. நம் ளகரத்துக்கு நிகரான எழுத்தை இடுவதே வழக்கம். ஆங்கிலத்தில், தமிழ்நாட்டார் இசட் எழுத்தையும் எச் எழுத்தையும் சேர்த்து எழுதுவார்கள்; இலங்கையில் எல் எழுத்தை இடுபவர்கள் அதிகம். வெளிநாட்டில் முதன்முறை படிப்பவருக்கு எல் எழுத்தே எளிது, அதில் வாசித்தால் ஒலியும் அதிகம் பிசகாது என்பதால் நான் அதையே சொல்வேன். எதைத் தேர்ந்தாலும் கிளினிக் அட்டை முதற்கொண்டு அதே எழுத்துகளில் எழுதச் சொல்லுங்கள்.