மோப்ப நாய் உட்கார்ந்தது பெட்டிக்கா, ஹேண்ட்லருக்கா?

பழையபந்து:
வெடிபொருள் தேடல் பயிற்சி, வரிசையா 8 பெட்டி. 5-வது கிட்ட ஹேண்ட்லர், அதாவது நாயை நடத்துறவர், நடை அரை நொடி தயங்குச்சு, கயிறு லேசா இறுகுச்சு. நாய் டக்குனு உட்கார்ந்துடுச்சு, உட்கார்ந்தா 'இங்கே இருக்கு'ன்னு அர்த்தம். மூக்கு பெட்டி மேல இல்ல, கண்ணு அவர் மூஞ்சியில. உள்ளே வெறும் துணி. அதுக்குப் பரிசா பந்தும் வீசினாங்க பாருங்க, அதான் இன்னும் உறுத்துது.

கயிறு10மீ:
தடம் பிடிக்கிறதுலயும் இதே கதைதான். மண்பாதை முடிஞ்சு தார் ரோடு. நாய் தலையைத் தூக்கிருச்சு, அப்படின்னா வாசனை விட்டுப்போச்சுன்னு அர்த்தம். ஹேண்ட்லர் எதிர்ல இருந்த கேட்டைப் பார்த்து ரெண்டு அடி வச்சார், நாயும் பின்னாடியே போயிருச்சு. நாங்க தேடின ஆள் திரும்பினதோ இடது பக்கம். அசையாம நின்னு கயிறை விட்டிருந்தா அதுவே சுத்தித் தேடியிருக்கும்.

மூக்குசாட்சி:
பழையபந்து, அது நாயோட தப்புங்கிற மாதிரி எழுதாதீங்க. 2011-ல டேவிஸ் கலிஃபோர்னியா பல்கலைக்கழக ஆய்வு வந்துச்சே, நாயும் ஹேண்ட்லருமா 18 ஜோடி. வாசனைப் பொருளே வைக்காத இடத்துல சிவப்புத் தாளை ஒட்டி, அங்கே சரக்கு இருக்குன்னு ஹேண்ட்லர்களை நம்ப வச்சாங்க. தாள் இருந்த இடத்துலதான் "நாய் காட்டிருச்சு"ன்னு நிறைய பேர் சொன்னாங்க.

பழையபந்து:
நாயை எங்கேங்க குறை சொன்னேன்? பந்தைத்தான் சொன்னேன்.

பிரிவுப்பதிவேடு:
மோப்ப நாய்ப் பிரிவுத் தலைவரா இருக்கிறவங்க முதல்ல பயிற்சிப் பொருளை எங்கே ஒளிச்சு வச்சிருக்குன்னு ஹேண்ட்லருக்குச் சொல்றதை நிறுத்தணும். கூட நிக்கிறவருக்கும் தெரியக்கூடாது, அவர் தோள் திரும்பினாலே போதும், நாய் படிச்சிரும். ஒண்ணுமே வைக்காத சுற்றும் அடிக்கடி வேணும், இல்லேன்னா எப்படியும் ஏதாவது இருக்கும்னு ரெண்டு பேருக்கும் பழகிடும். காலிப் பெட்டிகளையும் அதே கையுறையால தொடுங்க. தொடாம விட்டா நாய் தேடுறது வெடிமருந்தை இல்ல, கையுறையை. டைனமைட் போல ஆவி அதிகமா விடுறதை மத்த பயிற்சி மாதிரிகளோட ஒரே பெட்டியில போடவே கூடாது, எல்லாத்துலயும் அந்த வாடை ஏறிடும். போதைப்பொருள் மாதிரிகளுக்குத் தனி அலமாரி. வெயில்ல வாயைத் திறந்து இளைக்கிற நாய் சரியா மோப்பம் பிடிக்காது, நிழல்ல நிறுத்தி மூச்சு அடங்கினதும் விடுங்க. வயிறு நிறையத் தின்னதும் ஓட விடாதீங்க, இரைப்பை உப்பி முறுக்கிக்கும். பதிவேட்டுல தோத்த சுற்றையும் எழுதுங்க. வழக்குன்னு வந்தா, நூத்துக்கு நூறுன்னு இருக்கிற நோட்டைத்தான் எதிர்த்தரப்பு வக்கீல் முதல்ல பிரிப்பார்.

கயிறு10மீ:
எல்லாம் சரி, ஆனா தார் ரோட்டுக்கு இது ஒண்ணும் உதவாதே. நாய் கடைசியா உறுதியா இருந்த இடத்துக்குத் திரும்பிப் போய் அங்கிருந்துதான் மறுபடி விடணும்.