வீடு மாறியதில் கார்டு பில் கைக்கு வரவில்லை; தண்டம் என் தலையிலா?

கேள்வி: நிலாமுற்றம்

வணக்கம். நாலு மாசத்துக்கு முன்னாடி வீடு மாறினோம். பழைய வீட்டில் இப்போது குடியிருப்பவர் நேற்று ஃபோன் செய்து, "உங்க பேருக்குத் தபால் வந்து கிடக்குங்க" என்றார். போய் வாங்கினேன். ரப்பர் பேண்டு போட்ட 3 கவர், மூன்றும் கிரெடிட் கார்டு பில். முதல் பில்லில் ஒரே ஒரு செலவு, மாமியாருக்கு வாங்கின மூக்குக்கண்ணாடி. இரண்டாவதில் அதோடு தாமதக் கட்டணமும் வட்டியும். மூன்றாவதில் இன்னொரு தாமதக் கட்டணம், வட்டிக்கு மேல் வட்டி. கூட்டிப் பார்த்தால் கண்ணாடி விலையில் பாதிக்கு மேல் தண்டம்.

எப்போதாவதுதான் அந்தக் கார்டைத் தேய்ப்பேன். வீடு மாற்றுகிற அலைச்சலில் நினைவிலேயே இல்லை. யாரிடமும் கடன் நிறுத்திப் பழக்கமில்லை. ராத்திரி முழுக்கத் தூக்கம் வரவில்லை. பில்லே கைக்கு வராதபோது நான் எப்படிப் பொறுப்பாவேன்?

பதில்: பழைய ஹெட்போன்

கார்டு நிறுவனத்தின் வாடிக்கையாளர் சேவையில் 6 வருஷம் ஃபோன் எடுத்தவன் நான். சகோதரி, பில் வரவில்லை என்பதால் கெடு தேதி தள்ளிப்போகாது. முகவரி மாறினால் தெரிவிப்பது கார்டுதாரர் பொறுப்பு என்றுதான் விதிமுறையில் வழக்கமாக இருக்கும். ஆனால் நீங்கள் சொல்லியும் அவர்கள் மாற்றாமல் விட்டிருந்தால் கதையே வேறு. எந்த வழியிலாவது சொன்னீர்களா?

அதற்கு முன்னால் பணத்தைக் கட்டிவிடுங்கள், வாதம் அப்புறம். மூன்றாவது பில்லில் இருக்கிற தொகையை மட்டும் கட்டிவிட்டு நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். வட்டி நாள்கணக்கில் ஓடும். பில் போட்ட நாளுக்கும் நீங்கள் கட்டுகிற நாளுக்கும் நடுவில் ஏறினது அடுத்த மாசம் தனியாக வந்து நிற்கும். சின்னத் தொகைதானே என்று அதை விட்டு, திரும்பவும் தாமதக் கட்டணத்தில் மாட்டினவர்கள் எத்தனையோ பேர் என்னிடம் அழுதிருக்கிறார்கள். "இன்றைக்குக் கட்டினால் பாக்கியே இல்லாமல் முடிக்க எவ்வளவு?" என்று கேட்டு அதைக் கட்டுங்கள்.

பதில்: வரவுசெலவு

எனக்கு வேறு கருத்து. கண்ணாடி வாங்கினது உங்களுக்குத் தெரியும். ஒரு மாசம் பில் வரவில்லை என்றால் நாம்தான் கேட்கணும். தபாலை நம்பி இருந்தது தப்புங்க.

நிலாமுற்றம்

நீங்கள் சொல்வது சரிதான், கேட்டிருக்கணும். ஆனால் அண்ணா, வீடு மாறின வாரமே அதே வங்கிக் கிளையில் சேமிப்புக் கணக்குக்கு முகவரி மாற்ற எழுதிக் கொடுத்தேன். முத்திரை குத்தின நகல் இருக்கு. கார்டுக்கும் அதுவே போதும் என்று நினைத்துவிட்டேன்.

பழைய ஹெட்போன்

இதைத்தான் கேட்டேன்! பல வங்கிகளில் கார்டு பிரிவு தனி. கிளையில் மாற்றினது அங்கே தானாகப் போய்ச் சேராது. அந்த நகலை எடுத்து, கார்டுக்கும் சேர்த்து மாற்றச் சொல்லும் கட்டம் ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் தவறு அவர்கள் பக்கம்.

ஃபோனில் பேசி முடிக்காதீர்கள், எழுத்தில் கொடுங்கள். தாமதக் கட்டணம், வட்டி இரண்டையும் பெயர் சொல்லித் தனித்தனியாகத் திருப்பிக் கேளுங்கள். "கட்டணத்தைத் தள்ளுபடி செய்கிறோம்" என்று சொல்லிவிட்டு வட்டியைப் பற்றி வாயே திறக்கமாட்டார்கள். கடன் வரலாற்றில் தாமதம் என்று பதிவாகியிருந்தால் அதையும் திருத்தச் சொல்லி எழுதுங்கள். பணம் திரும்ப வந்த சந்தோஷத்தில் எல்லோரும் மறப்பது அதைத்தான். பின்னால் வீட்டுக் கடன் கேட்கும்போது அதுதான் குறுக்கே நிற்கும்.

நிலாமுற்றம்

பீரோவிலிருந்து எடுத்துப் பார்த்தேன். கீழே பொடி எழுத்தில் "கடன் அட்டை உட்பட அனைத்துக் கணக்குகளுக்கும்" என்று ஒரு கட்டம். என் நீல மையில் டிக் இருக்கு. பாக்கியை இப்போதே கட்டிவிடுகிறேன். காலையில் நகல் எடுத்துக்கொண்டு கிளைக்குப் போகிறேன்.