முன் டிஸ்க் பிறேக் ஒயிலை வீட்டில் மாற்றியபின் லீவர் கைபிடிவரை அமுங்குகிறது: காற்று எங்கே நிற்கிறது?

முத்தையன்கட்டு வாசி:

அனைவருக்கும் வணக்கம். நான் பாவிப்பது 2014 ஆம் ஆண்டு பல்சர் 150. முன்னுக்கு டிஸ்க், பின்னுக்கு டிரம். முத்தையன்கட்டிலிருந்து ஒட்டுசுட்டான் வழியாக மாங்குளத்துக்கு நாளாந்தம் வேலைக்குப் போய்வருகிறேன். நான்கு வருடங்களுக்கு முன்னர் ஒருவர் ஓடிய வண்டியாக வாங்கினேன். அன்றிலிருந்து பிறேக் ஒயில் மாற்றவில்லை, அதற்கு முன்னர் மாற்றப்பட்டதா என்பதும் தெரியாது. கைபிடிக்கு அருகிலுள்ள சிறு கண்ணாடி வழியே பார்த்தால், சாயம் கூடின பிளேன்ரீ போலக் கறுத்திருந்தது.

கடந்த ஞாயிற்றுக்கிழமை நானே மாற்ற முயன்றேன். பெற்றோல் தாங்கியை ஈரச் சீலையால் மூடி, கைபிடியிலுள்ள பிறேக் ஒயில் கிண்ணத்து மூடியின் இரண்டு திருகாணிகளையும் கழற்றி, பழைய ஒயிலைச் சிறிஞ்சால் உறிஞ்சி எடுத்து, முத்திரை உடைக்காத போத்தலிலிருந்து டொட் 4 தரப் பிறேக் ஒயிலை ஊற்றினேன். சில்லருகே டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும் கலிப்பரில், ஒயிலை வெளியே விடுவதற்குள்ள நிப்பிளில் மீன்தொட்டிக்குப் பாவிக்கும் தெளிவான குழாயைச் செருகி, மறுமுனையைச் சிறிது ஒயில் விட்ட போத்தலுக்குள் அமிழ்த்தினேன். மகள் லீவரை அமர்த்திப் பிடிக்க, நான் நிப்பிளைத் திறந்து மூடினேன். எல்லாம் ஒழுங்காகத்தான் போனது. ஆனால், குழாயில் புது ஒயிலின் நிறம் வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில் மேலே ஒயில் முடிந்துவிட்டது. "அப்பா, உள்ளுக்கு களக் களக் என்று சத்தம் கேட்குது" என்று மகள் சொன்ன பின்னர்தான் கவனித்தேன்.

உடனே நிரப்பி, அரைப் போத்தல் முடியும்வரை திரும்பத் திரும்பச் செய்தேன். இப்போது குழாயில் பெரிய குமிழி எதுவும் வருவதில்லை. மயிர்போன்ற மெல்லிய குமிழ்கள் மட்டும் நிற்காமல் வந்துகொண்டிருக்கின்றன. ஆனாலும் லீவரை அழுத்தினால் பஞ்சுபோல் கைபிடிவரை போகிறது. நாலைந்து தடவை அடுத்தடுத்து அடித்தால் இறுகுகிறது. சற்று விட்டுப் பிடித்தால் பழைய நிலைதான். வண்டியை வளவுக்குள் நிறுத்திவிட்டு இப்போது பேருந்தில் வேலைக்குப் போகிறேன். காற்று எங்கே நிற்கிறது? மிச்சமுள்ள அரைப் போத்தல் ஒயிலை அடுத்த முறைக்கு வைத்திருக்கலாமா? அடுத்த மாதம் மனைவியுடன் மலைநாட்டில் ஹற்றனிலுள்ள உறவினர் வீட்டுக்கு இதே வண்டியில் போக எண்ணியிருக்கிறேன். ஆகையால் தெரிந்தவர்கள் விளக்கமாக அறியத் தாருங்கள்.

மல்லாவி:

அண்ணை, லீவரை நன்றாக அமர்த்தி, பழைய சைக்கிள் ரியூப்பில் வெட்டிய றப்பர் நாடாவால் கைபிடியுடன் சேர்த்துக் கட்டி ஓர் இரவு விட்டுப் பாருங்கள். காலையில் அவிழ்த்ததும் என்னுடைய வண்டிக்கு லீவர் இறுகி வந்தது. எப்படி என்று விளக்கத் தெரியாது. எனக்குச் சரிவந்ததைச் சொல்கிறேன்.

பரந்தன் கராஜ்:

தம்பி, நீங்கள் ஒழுங்காக எழுதியிருப்பதால் பிடிக்க இலகுவாக இருக்கிறது. அடுத்தடுத்து அடிக்கும்போது இறுகி, விட்டதும் பழையபடி தளர்கிறது என்றால் உள்ளே காற்று இருக்கிறது. லீவரை ஒரே அழுத்தத்தில் பிடித்திருக்கும்போது அது மெதுமெதுவாகக் கீழே இறங்கிக்கொண்டே போய், வெளியே எங்கும் கசிவும் இல்லை என்றால், லீவரை அழுத்தும்போது ஒயிலைக் கீழே தள்ளும் மாஸ்டர் சிலிண்டருக்குள் இருக்கும் றப்பர் கப் தேய்ந்திருக்கிறது என்று எடுக்க வேண்டும். இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு, காற்று எடுப்பதற்காக இரண்டு போத்தல் ஒயிலை முடித்துவிட்டு என்னிடம் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தவர்கள் இருக்கிறார்கள்.

உங்கள் காற்று பெரும்பாலும் கலிப்பரில் இல்லை, மேலே நிற்கிறது. ஒயில் முடிந்தபோது காற்று நுழைந்தது மாஸ்டர் சிலிண்டருக்குள். குமிழிக்கு எப்போதும் மேலே ஏறும் குணம். லீவரை ஒருமுறை அழுத்தினால் ஒயில் குழாயில் சிறிது தூரம்தான் கீழே நகரும். அடுத்த அழுத்தத்துக்கு நீங்கள் ஆயத்தமாவதற்குள் குமிழி திரும்ப மேலே ஏறி, குழாய் மாஸ்டர் சிலிண்டருடன் சேருகின்ற வளைவில் போய் ஒதுங்கிக்கொள்ளும். கீழே நீங்கள் எவ்வளவு ஒயில் எடுத்தாலும் அது அங்கேயே இருக்கும்.

ஆகவே முதலில் மேலேயிருந்து தொடங்குங்கள். வண்டியைச் சைட் ஸ்ராண்டில் சாய்த்து, ஒயில் கிண்ணம் எல்லாவற்றிலும் உயரமாக நிற்குமாறு கைபிடியைத் திருப்பி வைத்து, சிந்தாத அளவுக்கு ஒயில் விடுங்கள். நிப்பிள் மூடியபடி இருக்கட்டும். இப்போது லீவரை முழுதாக அழுத்தாமல், நுனி விரலால் சில மில்லிமீற்றர் மட்டும் மெதுவாகத் தட்டித் தட்டி விடுங்கள். கிண்ணத்தின் அடியில் இரண்டு துளைகள் இருக்கும். ஒன்று பெரிது, மற்றது ஊசிமுனை அளவு. அந்தச் சின்னத் துளையை உற்றுப் பாருங்கள். கடுகு அளவில் ஒரு குமிழி வெளியே வந்து மேலே மிதந்து வெடிக்கும், பிறகு இன்னொன்று வரும். இடையிடையே திருகாணிச் சாவியின் பிடியால் குழாயைக் கீழிருந்து மேலாகத் தட்டிக்கொண்டு வாருங்கள். பத்துப் பதினைந்து நிமிடம் பொறுமையாகச் செய்ய வேண்டும். லீவர் விரலுக்குக் கீழே கனப்பதை நீங்களே உணர்வீர்கள்.

அதற்கும் சரிவராவிட்டால், குழாயை மாஸ்டர் சிலிண்டருடன் பிணைக்கும் துளையுள்ள போல்ட்டைச் சுற்றிச் சீலை சுற்றி, லீவரை அமர்த்திப் பிடித்தபடி போல்ட்டைக் கொஞ்சம் மட்டும் தளர்த்துங்கள். காற்றும் ஒயிலும் சேர்ந்து சீறும். லீவரை விடுவதற்கு முன்னர் இறுக்கிவிட வேண்டும். இந்த ஒழுங்கு மாறினால் வெளியே போன காற்று அப்படியே திரும்பி உள்ளே வரும். அந்த போல்ட்டின் இரு பக்கமும் உள்ள செம்பு வாசர்கள் பழையனவாக இருந்தால் புதிதாகப் போடுவது நல்லது. இல்லாவிட்டால் அதன்பின் அவ்விடம் கசியக்கூடும்.

மயிர்போன்ற மெல்லிய குமிழ்களைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். நிப்பிளைத் தளர்த்தும்போது அதன் புரியைச் சுற்றி வெளிக்காற்றுக் குழாய்க்குள் இழுபடுகிறது. பெரும்பாலும் அது உள்ளேயிருந்து வரும் காற்று அல்ல. அதை நம்பி வேலை செய்தால் நாள் முழுதும் நிற்காது.

உங்கள் மகள் லீவரை முழுதாகக் கைபிடிவரை அழுத்தியிருப்பாள். புது வண்டிக்குப் பரவாயில்லை. பத்து வருடம் ஓடிய வண்டியில் மாஸ்டர் சிலிண்டரின் உட்பக்கத்தில் பிஸ்டன் வழக்கமாகப் போகாத இடத்தில் அரிப்பும் அழுக்கும் படிந்திருக்கும். முழுதாக அழுத்தும்போது றப்பர் கப் அதற்கு மேலால் உரசிக் கிழியலாம். அடுத்த முறை லீவருக்கும் கைபிடிக்கும் இடையில் விரல் தடிப்பில் ஒரு மரத்துண்டை வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்றையும் இந்த இடத்திலேயே சொல்லிவிட வேண்டும். உழவு இயந்திரத்துக்கு வைத்திருந்த ஹைட்ரோலிக் ஒயிலைப் பிறேக் கிண்ணத்துக்குள் விட்ட ஒரு வண்டி என்னிடம் வந்தது. வயல் வரம்பில் நின்றபோது ஒயில் குறைந்திருப்பதைக் கண்டு, கையில் இருந்ததை ஊற்றியிருக்கிறார். மூன்றாம் நாள் முன்சில்லு சுற்றவே இல்லை. திறந்து பார்த்தால் மூடிக்குக் கீழுள்ள றப்பர் தாள் ஊதி, அப்பளம்போல் நெளிந்திருந்தது. மாஸ்டர் சிலிண்டர், கலிப்பர் இரண்டிலும் ஒரு றப்பர்கூட மிஞ்சவில்லை. கனிய எண்ணெய் எதுவாக இருந்தாலும், என்ஜின் ஒயில் உட்பட, இந்த றப்பர்களை ஊதச் செய்துவிடும். ஒயில் மட்டம் குறைவதற்கு முதற் காரணம் பெரும்பாலும் டிஸ்க்கில் உரசும் பிறேக் பாட் தேய்வதுதான். பாட்டைத் தள்ளும் கலிப்பர் பிஸ்டன் வெளியே வர வர மேலுள்ள ஒயில் கீழே இறங்கும். ஆகவே மட்டம் குறைந்தால் ஊற்றுவதற்கு முன்னர் பாட்டைக் குனிந்து பாருங்கள்.

வவுனியா ஆசிரியை:

விஞ்ஞானம் கற்பிப்பவள், ஸ்கூட்டி ஓடுபவள் என்ற இரண்டு வகையிலும் இதில் எனக்கு அக்கறை உண்டு. போத்தல் பற்றிய கேள்விக்கு விடை சொல்கிறேன், சகோதரம்.

டொட் 3, டொட் 4, டொட் 5.1 ஆகிய மூன்றும் கிளைக்கோல் வகையைச் சேர்ந்தவை. காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும் இயல்புடையவை. தர நிர்ணயத்தின்படி டொட் 4 புதிதாக இருக்கும்போது அதன் கொதிநிலை குறைந்தது 230 பாகை செல்சியஸ் இருக்க வேண்டும். ஏறத்தாழ 3.7 சதவீத நீர் சேர்ந்தபின் 155 பாகைக்குக் குறையாதிருந்தால் போதும் என்று அதே தர நிர்ணயம் ஏற்றுக்கொள்கிறது. டொட் 3க்கு இந்த எண்கள் 205, 140. இவ்வளவு சிறிய அளவு நீர் இவ்வளவு பெரிய வீழ்ச்சியை உண்டாக்குகிறது என்பதைக் கவனியுங்கள். நீண்ட இறக்கத்தில் பிறேக்கைப் பிடித்தபடியே வந்தால் டிஸ்க்கின் சூடு பாட் வழியாகப் பிஸ்டனுக்கும் ஒயிலுக்கும் ஏறும். ஒயில் கொதித்து ஆவியாகிற இடத்தில் லீவர் சடுதியாக வெறுமையாகிவிடும், ஏனெனில் ஆவியை அமுக்கலாம், திரவத்தை அமுக்க முடியாது. மாங்குளம் வீதியில் இதற்குச் சந்தர்ப்பம் குறைவு. ஹற்றன் வழியிலுள்ள கினிகத்தேனைப் பக்கத்து இறக்கங்களில் அப்படியல்ல. நான்கு வருடப் பழைய ஒயிலை இப்போதே மாற்றியது மிகச் சரியான காரியம். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றுவதே பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு.

திறந்த போத்தலை அடுத்த முறைக்கு வைக்க வேண்டாம். மூடியை இறுக்கினாலும் உள்ளே அரைப் போத்தல் காற்று இருக்கிறது. மாரி காலத்தில் உப்பே சாடிக்குள் நீர் விடுகின்ற எங்கள் ஊரில் அந்தக் காற்றின் ஈரம் சிறிதல்ல. இப்போது காற்று எடுக்கும் வேலைக்கே அதை முடித்துவிடுங்கள். இனிமேல் சிறிய போத்தலாக வாங்குங்கள். கடையில் டொட் 5 என்று மட்டும் இருந்தால் அது சிலிக்கோன் வகை; உங்கள் ஒயிலுடன் கலக்கக்கூடாது. 5.1 வேறு, 5 வேறு.

மல்லாவித் தம்பி சொன்ன முறைக்கும் காரணம் உண்டு. லீவர் அமர்ந்திருக்கும்போது உள்ளே அழுத்தம் கூடிக் குமிழ்கள் சுருங்கி, ஒட்டியிருந்த இடத்தை விட்டு இரவெல்லாம் மேலே நகர்கின்றன. அவிழ்த்ததும் கிண்ணத்துக்குள் வந்துவிடுகின்றன. ஆனால் காலையில் இறுகியதை மட்டும் நம்பிப் பெருவீதிக்குப் போகாதீர்கள். அரை நாள் விட்டு மறுபடியும் அழுத்திப் பாருங்கள்.

எடுத்த பழைய ஒயிலைக் கிணற்றடியிலோ வேலியோரத்திலோ ஊற்ற வேண்டாம். அது நீரில் முற்றாகக் கரைந்து மண்ணுக்குள் இறங்கும், பருகினால் நஞ்சு. போத்தலில் அடைத்து, பிள்ளைகளுக்கு எட்டாத இடத்தில் வைத்து, கழிவு ஒயில் சேகரிக்கும் கராஜ் ஒன்றில் கொடுங்கள்.

முத்தையன்கட்டு வாசி:

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. பரந்தன் அண்ணை சொன்னபடி நேற்று மாலை மேலிருந்து தொடங்கினேன். கிண்ணத்தின் அடியில் நீங்கள் சொன்ன சின்னத் துளையை முதலில் காணவே முடியவில்லை. மண்ணிறக் களிபோன்ற ஒன்று அதை மூடியிருந்தது. நந்திக்கடலில் மீன் பிடிக்கும் மைத்துனரிடம் வாங்கிய நைலோன் நரம்பின் நுனியால், கீறல் விழாமல், மெதுவாகக் கிளறி எடுத்தேன். அதன் பின்னர் லீவரைத் தட்டத் தட்ட, கணக்கெடுக்க முடியாத அளவு குமிழ்கள் வந்தன. மகள் கைவிளக்கைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொன்றாக எண்ணினாள், நாற்பதுக்குமேல் விட்டுவிட்டாள். இருபது நிமிடத்தில் லீவர் கல்லாக நின்றது. பிறகு கீழேயும் ஒருமுறை எடுத்து, இரவு றப்பர் நாடாவால் கட்டி வைத்தேன். இன்று காலையில் அவிழ்த்து, மதியமும் பார்த்தேன், மாற்றமில்லை. ஒழுங்கைக்குள் மெதுவாக ஓடி நாலைந்து முறை பிறேக் பிடித்தேன், நன்றாகப் பிடிக்கிறது.

இன்னும் ஒரு கேள்வி. முன்பு சில வேளைகளில் நீண்ட தூரம் ஓடியபின் முன்சில்லு சற்று இறுக்கமாகச் சுற்றும். நிறுத்தி ஆறவிட்டால் சரியாகிவிடும். அதற்கும் அந்தத் துளை அடைபட்டதற்கும் தொடர்பு உண்டா?

பரந்தன் கராஜ்:

நிச்சயமாக உண்டு, தம்பி. ஓடும்போது ஒயில் சூடாகி விரியும். விரிந்த ஒயில் கிண்ணத்துக்குத் திரும்பும் வழி அந்தச் சின்னத் துளைதான். அது அடைபட்டால் ஒயிலுக்குப் போக இடமில்லாமல், நீங்கள் லீவரைத் தொடாமலேயே பிஸ்டனைத் தள்ளிப் பாட்டை டிஸ்க்கில் உரசவைக்கும். உரச உரச இன்னும் சூடாகும். ஆறியதும் சரியானதற்குக் காரணம் அதுதான். ஹற்றனுக்குப் போகுமுன் மாங்குளத்துக்கு ஒருமுறை போய்வந்து, இறங்கியவுடன் முன்சில்லைத் தூக்கிக் கையால் சுற்றிப் பாருங்கள். இலகுவாகச் சுற்றினால் போதும். இன்னும் பிடித்தால் கலிப்பர் பிஸ்டனில் துரு இருக்கக்கூடும். அப்படியானால் மலைநாட்டுக்கு எடுத்துச் செல்லாமல் முதலில் கழற்றிப் பார்க்க வேண்டும்.

நிப்பிளின் றப்பர் தொப்பியைத் திரும்பப் போட்டீர்களா? கிறவல் வீதிப் புழுதி நிப்பிளின் வாயில் இறுகினால் அடுத்த முறை திறக்கும்போது அது முறியக்கூடும். மூடிய கிண்ணத்தின் வெளிப்பக்கத்தையும் பெற்றோல் தாங்கியின் வெளிப்பக்கத்தையும் இப்போதே நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவிவிடுங்கள். சிந்திய துளி ஒன்று இருந்தாலும் பெயின்ரைத் தின்றுவிடும்.

முத்தையன்கட்டு வாசி:

தொப்பி போத்தலுக்குப் பக்கத்திலேயே கிடக்கிறது, அண்ணை. இப்போதே போய்ப் போடுகிறேன். மாங்குளம் போய்வந்து எழுதுகிறேன்.