சவுலும் "பாவஞ்செய்தேன்" என்றான், தாவீதும் அதையே சொன்னான். வித்தியாசம் எங்கே?

கேள்வி:
எல்லாருக்கும் ஸ்தோத்திரம். அடுத்த வாரம் வாலிபர் ஐக்கியத்தில் கடிந்துகொள்ளுதலைப் பற்றிப் பாடம். 1 சாமுவேல் 15, 2 சாமுவேல் 12 இரண்டையும் எடுக்கலாம் என்றிருக்கிறேன். வார்த்தை ஒன்றுதான், முடிவு மட்டும் ஏன் வேறு என்று பிள்ளைகள் கேட்பார்கள். அதற்கடுத்த கேள்வியும் தெரியும்: "நம்மைக் கண்டிக்கிறவர் சொல்வதில் பாதி தப்பாக இருந்தால்?"

பதில் 1:
சவுலை 1 சாமுவேல் 15இன் 24ஆம் வசனத்தில் தொடங்காதீர்கள் பிரதர், 13இலிருந்து வாசியுங்கள். அமலேக்கியரை ஆடுமாடு உட்பட முழுவதும் அழிக்கச் சொல்லியும், நல்லவற்றைத் தப்பவைத்த ராஜா அவன். முதலில் "கர்த்தருடைய வார்த்தையை நிறைவேற்றினேன்" என்கிறான். ஆடுமாடு கத்துவது காதில் விழுகிறதே என்று சாமுவேல் தீர்க்கதரிசி கேட்டதும், ஜனங்கள்தான் தப்பவைத்தார்கள், அதுவும் பலியிட என்கிறான். 20இல் மறுபடி மறுப்பு. ராஜ்யம் போயிற்று என்று கேட்ட பிறகுதான் "பாவஞ்செய்தேன்". கூடவே "ஜனங்களுக்குப் பயந்து" என்று ஒரு வால். 30இல், மூப்பருக்கு முன்பாக என்னைக் கனம்பண்ணும் என்கிறான்.

தாவீது பத்சேபாளோடு பாவஞ்செய்து, யோவாபைக் கொண்டு அவள் புருஷனைச் சாகவைத்தவன். கண்டிக்க வந்த நாத்தான் தீர்க்கதரிசியிடம் அவன் சொன்னது எபிரெயத்தில் இரண்டே சொல். யோவாபையோ பத்சேபாளையோ இழுக்கவில்லை. அதற்காக அவனை உடனே உடைந்தவனாகக் காட்டிவிடாதீர்கள். நாத்தான் வரும்போது பிள்ளையே பிறந்தாயிற்று, அத்தனை மாதம் மூடி மறைத்தவன்தான். ஆனால் கண்டித்தவரை விலக்கவில்லை. 1 இராஜாக்கள் 1இல் கிழவனான தாவீதின் அறைக்குள் போய்ப் பேசுகிறவர் அதே நாத்தான். யூதாவின் ராஜா ஆசாவோ, கண்டித்த அனானி என்ற ஞானதிருஷ்டிக்காரனைக் காவலறையில் வைத்தான் (2 நாளாகமம் 16:10).

பதில் 2:
பாதி தப்பு என்றால் அப்போஸ்தலர் 23ஐ எடுங்கள். விசாரணையில் பிரதான ஆசாரியன் பவுலை வாயில் அடிக்கச் சொன்னது நியாயப்பிரமாணத்துக்கு விரோதம். அதை அவர் சொன்னது சரி. "வெள்ளையடிக்கப்பட்ட சுவரே" என்றது வம்பு. பிரதான ஆசாரியனை வைகிறாயே என்று சுட்டிக்காட்டியவர்கள் எதிர்த்தரப்பு ஆட்கள். இருந்தும் ஜனத்தின் அதிபதியைச் சபிக்காதே என்கிற யாத்திராகமம் 22:28ஐத் தானே சொல்லி அந்த ஒரு வார்த்தையில் இறங்கினார். அடித்தது நியாயம் என்று மட்டும் சொல்லவில்லை.

சபையில் எப்படி? "பாட்டுப் பயிற்சிக்கு 20 நிமிஷம் லேட்டாக வருகிறாய், பெருமை பிடித்துவிட்டது உனக்கு" என்கிறார் ஒருவர். லேட் நடந்த காரியம், பெருமை அவருடைய ஊகம். நடந்ததற்கு மட்டும் அன்றைக்கே பதில்: "ஆமாம் அண்ணா, லேட்டாக வந்தேன். எல்லாரும் காத்திருந்தார்கள். இனி ஆறு மணிக்கு இருப்பேன்." அதோடு வாயை மூட வேண்டும். "ஆனால்" என்று தொடங்கினால் சவுலின் ஆடு கத்த ஆரம்பித்துவிடும். பெருமை விஷயத்தை இரண்டு நாள் ஆறப்போட்டு, தன்னை நன்றாக அறிந்த மூத்தவர் ஒருவரிடம் கேட்கலாம்: "என்னிடம் இது தெரிகிறதா?" பிறகு சொன்னவரிடம் தனியே பேசலாம். பெரும்பாலும் கெடுவது இங்கேதான்: வாட்ஸ்அப் குரூப்பில் நீளமாக விளக்கம் போடுவார்கள். மத்தேயு 18:15 "தனித்திருக்கையில்" என்கிறது.

பதில் 3:
ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் தாழ்மை என்பது பெரியவர்களுக்குத் தலையாட்டுவது என்று பிள்ளைகள் நினைத்துக்கொள்வார்கள். செய்யாத பாவத்தை ஒத்துக்கொள் என்று சிநேகிதர் நெருக்கியும் யோபு ஒத்துக்கொள்ளவில்லை. 42:7இல் கர்த்தருடைய கோபம் அந்தச் சிநேகிதர்மேல்தான். பெரியவர்களும் திருத்தப்பட்டார்கள்: அந்தியோகியாவில், புறஜாதியாரோடு சாப்பிடாமல் விலகிக்கொண்ட பேதுருவைப் பவுல் எல்லாருக்கும் முன்பாகக் கேட்டார் (கலாத்தியர் 2), தப்பு நடந்ததும் எல்லாருக்கும் முன்பாகத்தான். அதே பவுலைத்தான் 2 பேதுரு 3:15 பிரியமான சகோதரன் என்கிறது.

கேட்டவர்:
நன்றி. பயிற்சி லேட் உதாரணம் எங்கள் சபையில் ஓடாது; பேர் சொல்லாமலே யார் என்று தெரிந்துவிடும். ஓய்வுநாள் பள்ளி ரிஜிஸ்டர் எழுதாதது என்று மாற்றிக்கொள்கிறேன்.