பத்தாயப்புரையை நூலகமாக்கும் மாணவர் திட்டம்: அறை இருண்டே கிடக்கிறது, உதவி தேவை

சன்னலோர மாணவி:
அனைவருக்கும் வணக்கம். கோயம்புத்தூரில் உள்ளக வடிவமைப்பு மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். வீடு, கடை, பொது இடம் ஆகியவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து வடிவமைக்கச் சொல்லியிருக்கிறார்கள். எங்கள் ஊர் கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்திலுள்ள கொழிஞ்சாம்பாறைக்கு அருகில் இருப்பதால், அங்குள்ள ஒரு பழைய பத்தாயப்புரையை (நெல் சேமிக்கும் பத்தாயம் என்ற பலகை அறை கொண்ட கட்டடம்) கிராம வாசகசாலையாக மாற்றும் திட்டத்தை எடுத்துக்கொண்டேன். முப்பரிமாணப் படத்தில் எத்தனை விளக்குகளைச் சேர்த்தாலும் அறை இருட்டாகவே தெரிகிறது. வெள்ளிக்கிழமை ஜூரி, அதாவது திட்டத்தை மதிப்பீட்டாளர்கள் முன் வைக்கும் நாள். எந்த விளக்கு, எத்தனை வாட் போட வேண்டும் என்று யாராவது சொல்ல முடியுமா?

ரெண்டர் ராசா:
இது விளக்கின் குறையாக எனக்குத் தோன்றவில்லை. மென்பொருளில் உள்ள கேமராவின் எக்ஸ்போஷர் (படம் உள்வாங்கும் ஒளியின் அளவு) வெளி வெளிச்சத்துக்கு ஏற்பத் தானாகவே அமைந்திருக்கும். சன்னல் வழியே வானம் தெரிந்தால் உள்ளே எல்லாம் கறுத்துவிடும். எக்ஸ்போஷரைக் கையால் மாற்றிப் பாருங்கள். எந்த மென்பொருள் என்று நீங்கள் சொல்லவில்லை.

சித்தூர்ப்புழை:
தங்கையே, மென்பொருளைவிட முதலில் தெரிய வேண்டியவை வேறு. அறையின் நீள அகலம் என்ன? சன்னல்கள் எந்தத் திசையில், எந்த உயரத்தில் உள்ளன? புத்தக அடுக்குகளை எப்படி நிறுத்தியிருக்கிறீர்கள்? சுவருக்கும் மரத்துக்கும் என்ன நிறம்? இவற்றைச் சொல்லாமல் வாட் கேட்டால் யாராலும் பதில் சொல்ல இயலாது.

சன்னலோர மாணவி:
மன்னிக்கவும் அண்ணா. 30 அடிக்கு 16 அடி. ஓட்டுக்கூரை. நீளச் சுவர்கள் கிழக்கிலும் மேற்கிலும் உள்ளன, இரண்டிலும் சன்னல்கள் இருக்கின்றன. அடுக்குகள் 7 அடி உயரம், கருந்தேக்கு நிறம், சன்னல்களுக்கு இணையாக வரிசையாக நிற்கின்றன.

மூத்த வரைவாளர்:
இந்தக் களத்தில் ஆண்டுதோறும் இதே கேள்வி வேறு வேறு பெயர்களில் வருகிறது. நாங்கள் படித்த காலத்தில் வெட்டுத்தோற்றம் (கட்டடத்தை மேலிருந்து கீழாக வெட்டிப் பார்ப்பது போன்ற வரைபடம்) வரையாதவரை வண்ணப் பென்சிலையே தொட விடமாட்டார்கள். இன்றைய மாணவர்களோ படத்தை முதலில் செய்துவிட்டுக் கட்டடத்தை அதற்குள் தேடுகிறார்கள். சன்னலுக்கு முன் 7 அடிச் சுவர் எழுப்பிவிட்டு இருட்டு ஏன் என்று கேட்பது வியப்பளிக்கிறது. அடுக்குகளைச் சன்னல் சுவருக்குச் செங்குத்தாகத் திருப்பினால் ஒவ்வொரு இடைவழிக்கும் ஒரு சன்னலின் ஒளி கிடைக்கும். வெட்டுத்தோற்றத்தை இங்கே இடுங்கள், பிறகு பேசலாம்.

சித்தூர்ப்புழை:
ஐயா சொன்ன திருத்தம் சரி, சொன்ன விதத்தைக் குறைத்துக்கொண்டிருக்கலாம். வாட் கேட்ட தங்கைக்கு ஒரு கணக்கு. உங்கள் அறை ஏறத்தாழ 45 சதுர மீட்டர். லூமன் என்பது ஒளியின் அளவு, லக்ஸ் என்பது ஒரு சதுர மீட்டரில் விழும் லூமன். படிக்கும் மேசையின் மேல் 300 லக்ஸ் வேண்டுமென்றால் 13,500 லூமன் அந்த மட்டத்தில் விழ வேண்டும். சுவரும் கூரை மரமும் கருமையாக இருந்தால் விளக்கு தரும் ஒளியில் மூன்றில் ஒரு பங்குதான் மேசைக்கு வந்து சேரும் என்று வைத்துக்கொள்ளலாம். அப்படியானால் 40,500 லூமன் தேவை. வெள்ளைச் சுண்ணாம்பு பூசிய சுவராக இருந்து பாதியளவு வந்து சேர்ந்தால் 27,000 போதும். நல்ல எல்.இ.டி. வாட்டுக்கு 100 லூமன் தரும் என்று கொண்டால், சுவரின் நிறம் மட்டுமே 135 வாட் வேறுபாட்டைத் தருகிறது. மேசைக்கு மேலேயே தாழ்வாக விளக்கைத் தொங்கவிட்டால் இன்னும் குறையும்.

செங்கல் சல்லடை:
எல்லோரும் மின்விளக்கையே பேசுகிறீர்கள். மேற்குச் சுவரைப் பிரித்து, செங்கற்களுக்கு இடையே துளைகள் விட்ட சாளரமாகக் கட்டிவிட்டால் பகலில் விளக்கே தேவைப்படாது. திருவனந்தபுரத்தில் வளர்ச்சி ஆய்வு மையத்தின் கட்டடங்களில் கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் அதைச் செய்து காட்டியிருக்கிறார். கேரளத்து மண்ணுக்கு அதுவே பொருத்தமானது.

சித்தூர்ப்புழை:
திருவனந்தபுரத்துக்குப் பொருந்துவது பாலக்காட்டுக் கணவாய்க்குப் பொருந்தும் என்று எப்படிச் சொல்கிறீர்கள்? தென்மேற்குப் பருவத்தில் மேற்கிலிருந்து வரும் காற்று இந்தக் கணவாய் வழியாகத்தான் நெருக்கிக்கொண்டு பாய்கிறது. மார்கழி, தை மாதங்களில் கிழக்கிலிருந்து வறண்ட காற்றுப் புழுதியோடு வருகிறது. மூட முடியாத சாளரம் வைத்தால் ஆனியில் சாரலும் தையில் மண்ணும் புத்தகத்தின் மேல்தான் விழும். நாளிதழைக் கையில் பிடித்துக்கொண்டே படிக்க வேண்டியிருக்கும்.

செங்கல் சல்லடை:
சாளரத்தின் உட்புறம் கதவு வைத்துக்கொள்ளலாமே.

சித்தூர்ப்புழை:
உட்புறம் கதவு வைத்தால் அது சன்னல்தான். அதற்காகப் பழைய சுவரை ஏன் இடிக்க வேண்டும்? ஓட்டில் ஆங்காங்கே கண்ணாடி ஓடு பதிப்பது எளிது, வடக்குச் சரிவு எங்காவது இருந்தால் வெயிலும் நேராக இறங்காது.

மூத்த வரைவாளர்:
நீளச் சுவர்கள் கிழக்கிலும் மேற்கிலும் இருக்கின்றன என்று அந்த மாணவியே எழுதியிருக்கிறார். கூரையின் பெரிய சரிவுகளும் அத்திசைகளிலேயே இருக்கும். வடக்குச் சரிவு எங்கிருந்து வரும்? பதிலளிப்பவர்களும் கேள்வியைப் படிப்பது நல்லது.

சன்னலோர மாணவி:
அடுக்குகளைத் திருப்பிப் பார்த்தேன், படம் தெளிவாக வருகிறது, நன்றி. ஆனால் அப்படித் திருப்பினால் மரப்படிக்கட்டு ஏறி வரும் இடத்தில் ஒரு வரிசை குறுக்கே நிற்கிறது. படிக்கட்டை நகர்த்தலாமா?

சித்தூர்ப்புழை:
எந்தப் படிக்கட்டு? இது மேல்தளமா?

சன்னலோர மாணவி:
ஆம் அண்ணா, மச்சு. பலகைத் தளம். பத்தாயப்புரை என்றாலே மேலே அறை இருக்கும் என்பதால் தனியாகச் சொல்லவில்லை.

மூத்த வரைவாளர்:
இதைத்தான் வெட்டுத்தோற்றம் கேட்டபோது எதிர்பார்த்தேன். ஒரு மீட்டர் நீளப் புத்தக வரிசையின் எடையை 30 கிலோ என்று கொள்ளுங்கள். இருபுறமும் ஆறு தட்டுகள் கொண்ட அடுக்கு, ஒவ்வொரு மீட்டர் நீளத்துக்கும் 360 கிலோ சுமக்கும்; மரச்சட்டத்தின் எடையும் ஆட்களின் எடையும் தனி. நூலகங்களின் புத்தக அடுக்கறைக்கு இந்தியத் தரநிலை ஐ.எஸ். 875 சதுர மீட்டருக்கு 6 கிலோநியூட்டன், அதாவது ஏறத்தாழ 600 கிலோ சுமை கேட்கிறது. குடியிருப்பு அறைக்கு அது கேட்பது 2 கிலோநியூட்டன்தான். விளக்கைப் பற்றிய கேள்வி இதற்குப் பின்னால்தான் வர வேண்டும்.

நெல்லறைப் பேரன்:
நான் இதை ஏற்க மாட்டேன். வயல் முழுவதும் விளைந்த நெல்லைத் தாங்கிய கட்டடம் புத்தகத்தைத் தாங்காதா? எங்கள் தாத்தா காலத்து உத்திரம் இன்றுள்ள கான்கிரீட்டைவிட உறுதியானது.

மூத்த வரைவாளர்:
நெல் மேலே இருந்ததில்லை. அது கீழே, கருங்கல் அடித்தளத்தின் மேல் அமைந்த பத்தாயத்துக்குள் இருந்தது. மேலே ஆட்கள் படுத்தார்கள். உங்கள் தாத்தாவின் உத்திரம் விருந்தினரைத்தான் தாங்கியது.

சித்தூர்ப்புழை:
அப்படியானால் கட்டடமே விடையைச் சொல்கிறது. நெல் இருந்த இடத்தில் புத்தகம் இருக்கட்டும். ஈரமும் எலியும் அண்டாமல் உயர்த்திக் கட்டிய, சன்னல் இல்லாத அறை அது. வெயில் படாத இருட்டுப் புத்தகத்தாளுக்கு நல்லது. காற்றோட்டத்துக்கு மேல்பலகைகளில் சிலவற்றைத் திறப்பாக மாற்றி, இடைவழிகளில் மட்டும் விளக்கு வையுங்கள். மச்சில் மேசை, நாற்காலி, இருபுறச் சன்னல் வெளிச்சம் இருந்தால் போதும். அடுக்கு மேலே இல்லையென்றால் படிக்கட்டை நகர்த்தும் தேவையும் இல்லை. உத்திரத்தில் செல்லரித்திருக்கிறதா என்று ஒரு தச்சரை அழைத்துச் சென்று தட்டிப் பார்க்கச் செய்யுங்கள்.

வாளையாற்று வாசகி:
படிப்பறையை முழுவதும் மேலே கொண்டுபோனால் மூட்டுவலி உள்ள முதியவரும் சக்கர நாற்காலியில் வருபவரும் எங்கே உட்கார்வார்கள்? காலையில் நாளிதழ் படிக்க வருபவர்களில் பெரும்பாலோர் வயதானவர்கள்தாம். நாளிதழ் மேசையைக் கீழே முன் திண்ணையிலேயே வைக்க வேண்டும். அடித்தளம் உயர்ந்திருப்பதால் சாய்தளமும் தேவை. 1க்கு 12 என்ற சரிவில் 600 மில்லிமீட்டர் உயரத்துக்கு 7.2 மீட்டர் நீளம் பிடிக்கும். இடைவழிகள் 900 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. முற்றத்தில் அவ்வளவு இடம் இருக்கிறதா?

நெல்லறைப் பேரன்:
பத்தாயத்தின் பலகைச் சுவரை வெட்டிக் கதவு வைத்தால் அது பத்தாயமாக இருக்குமா என்று யாரும் கேட்கவில்லை.

வாளையாற்று வாசகி:
நெல் வாங்கும் கதவு ஏற்கெனவே இருக்குமே. அதன் அகலத்தை அளந்த பிறகு வெட்டுவதைப் பற்றிப் பேசலாம்.

சன்னலோர மாணவி:
அனைவருக்கும் நன்றி. அடுக்குகளைக் கீழே மாற்றிவிட்டேன், படிப்பறை மேலே, நாளிதழ் மேசை திண்ணையில். பத்தாயக் கதவு 750 மில்லிமீட்டர்தான் இருக்கிறது. வெட்டுத்தோற்றம் வரைந்துகொண்டிருக்கிறேன், ஜூரி நாளை.

வாளையாற்று வாசகி:
750 என்றால் சக்கர நாற்காலி தாராளமாக நுழையாது. கதவை வெட்டாமல் விட்டுவிட்டு, நூல் எடுத்துக் கொடுக்கும் மேசையைத் திண்ணையிலேயே வைத்து, கேட்ட புத்தகத்தை நூலகர் கொண்டுவந்து தருவதாகக் காட்டுங்கள். சாய்தளத்துக்கு முற்றத்தை அளந்தீர்களா?

ரெண்டர் ராசா:
மென்பொருள் எது என்று இன்னும் தெரியவில்லை.